வாசகர் கேட்டவை: அயர்லாந்தின் பழைய கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தைத் தேடுதல்

அயர்லாந்தில் வாழும் வாசகர்கள் சிலர், அந்நாட்டுக் குடும்பங்களில் திருமண உறவு கொண்டபின் தங்கள் பிள்ளைகளுக்காக அந்த வழியின் முன்னோரைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பற்றி அவர்கள் எழுதிய கடிதங்களில் பல ஒரே ஐயத்தைக் கேட்பவை. அவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவரின் முன்னோர் மேயோ கவுண்டியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் இங்கிலாந்துக்குப் போன கிளையை 1841 வரை கணக்கெடுப்பில் பின்தொடர முடிகிறது. ஊரிலேயே இருந்தவர்களோ 1901க்கு முன்னால் எங்குமே கிடைக்கவில்லை. எல்லாம் தீயில் போய்விட்டது என்கிறார்கள். அது உண்மைதானா? – வாசகி, கால்வே

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதி தெரிந்தால் நீங்கள் தேட வேண்டிய இடம் மாறும்.

அயர்லாந்தில் முழுமையான முதல் கணக்கெடுப்பு 1821இல் நடந்தது. அதிலிருந்து 1911 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் எடுத்தார்கள். இவற்றுள் 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கின் ஏடுகள் டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையிலுள்ள ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் இறுதியில் உள்நாட்டுப் போர் அந்த வளாகத்தில்தான் வெடித்தது. ஜூன் 30 அன்று நேர்ந்த வெடிப்பிலும் தீயிலும் காப்பகம் அழிந்தது, ஏடுகளும் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோயின. ஆனால் 1861, 1871 ஆண்டுகளின் தாள்கள் அந்தத் தீயைப் பார்க்கவே இல்லை. புள்ளிவிவரத் தொகுப்பு முடிந்த கையோடு அரசின் ஆணைப்படி அவை அழிக்கப்பட்டன. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. எட்டுக் கணக்கெடுப்புகளில் நான்கு நெருப்பில் போயின. நான்கை அரசே போக்கியது. 1841க்கும் 1851க்கும் இடையில் அந்நாட்டின் மக்கள்தொகை 81,75,124இலிருந்து 65,52,385ஆகக் குறைந்தது. இடையில் வந்த பெரும்பஞ்சத்தில் இறந்தவர்களையும் கப்பலேறியவர்களையும் பெயர் பெயராகச் சொல்லியிருக்கக்கூடிய ஏடுகள் இவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

எஞ்சிய துண்டுகள் சில உண்டு. 1821இல் கேவன், ஃபெர்மனா, கால்வே, மீத், கிங்ஸ் கவுண்டி ஆகியவற்றின் சில பகுதிகள். 1831இல் பெரும்பாலும் லண்டன்டெரி. 1841இல் கேவன் கவுண்டியின் கில்லேஷாண்ட்ரா பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்). 1851இல் பெரும்பாலும் ஆன்ட்ரிம். (கிங்ஸ் கவுண்டி என்பது இன்றைய ஆஃபலி, பழைய தாள்களில் லீஷ் குவீன்ஸ் கவுண்டி என்றும், கோவ் துறைமுகம் குவீன்ஸ்டவுன் என்றும் இருக்கும்.) மேயோ இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் கணவர் குடும்பத்துக்கு 1901தான் முதல் கணக்கெடுப்பு. அதற்கு முன்னால் போகும் வழிகளைக் கீழே வேறொரு கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

1901, 1911 இரண்டும் முப்பத்திரண்டு கவுண்டிகளுக்கும் முழுமையாகத் தப்பின. இங்கிலாந்தின் 1901 கணக்கெடுப்பில் நமக்குக் கிடைப்பது அலுவலர் பெயர்த்தெழுதிய பேரேடு. அயர்லாந்தில் அந்தந்த வீட்டில் நிரப்பிய மூலப் படிவமே இருக்கிறது. கொள்ளுப்பாட்டனாரின் கையெழுத்தை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இரண்டு ஆண்டுகளின் படிவங்களையும் படமெடுத்து, கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது.

கேள்வி: என் மாமியாரின் பாட்டிக்கு 1901 படிவத்தில் வயது 56; 1911 படிவத்தில் 71. பத்தாண்டில் எப்படிப் பதினைந்து வயது கூடும்? இவர் வேறு பெண்ணோ என்று குழம்புகிறேன். – வாசகர், கார்க்

பதில்: கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், நிலப்பகுதி மூன்றும் பொருந்தினால் அவர் அதே பெண்தான். ஐரிஷ் குடும்ப வரலாற்றில் மிக அடிக்கடி எதிர்ப்படும் முரண்பாடு இது; அதற்கு ஒரு சட்டம் காரணம்.

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறி, 1909 ஜனவரியிலிருந்து எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. கையில் காசு புழங்காத ஒரு சிறு குடியானவர் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாருடைய பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியதோ 1864 ஜனவரி 1இலிருந்துதான். எனவே 1909இல் எழுபது வயதைக் கோரிய எவரிடமும் பிறப்புச் சான்று இருந்திருக்க முடியாது. 1839 ஜனவரி 6 இரவு நாட்டையே புரட்டிப்போட்ட பெரும்புயல் நினைவிருக்கிறது என்று சொல்லித் தம் வயதை நிறுவ முயன்றவர்கள் ஏராளம். ஓய்வூதியம் கோரியவர், அல்லது கோர நினைத்தவர், 1911 படிவத்தில் அதற்கு மாறான வயதைச் சொல்ல விரும்பியிருக்கமாட்டார்.

இதை வெறும் பொய் என்று ஒதுக்குவது நியாயமல்ல என்பது என் கருத்து. பிறந்த நாளைக் கொண்டாடும் பழக்கமோ எழுதி வைக்கும் பழக்கமோ இல்லாத வீடுகளில் வயது ஓர் உத்தேசம்தான். அதனால்தான் இந்தத் தாள்களில் 40, 50, 60 என்ற முழு எண்கள் அளவுக்கு மிஞ்சித் தென்படுகின்றன. 1901இல் சொன்ன 56 மட்டும் சரியென்று எப்படி உறுதி கூறுவது? முதியவர்களைப் பொறுத்தவரை இரண்டு வயதையும் குறித்துக்கொண்டு, தேவாலயத்தின் திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவேட்டில் இரண்டுக்கும் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் விட்டுத் தேடுங்கள். பிள்ளைகளின் வயதோ, 1864க்குப் பின் பிறந்தவர்களாக இருந்தால், பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கூடியது. நூறாண்டைக் கடந்த பிறப்புப் பதிவுகளின் படங்களை அரசின் வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

இந்த ஓய்வூதியம் நமக்கு ஒரு நன்மையையும் செய்துவிட்டுப் போயிருக்கிறது. வயதை மெய்ப்பிக்க வேறு வழியில்லாததால், அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 ஏடுகளில் தேடச் சொல்லிப் பலர் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பதாரர் தம் தாய் தந்தையின் பெயரையும், குழந்தையாக இருந்தபோது குடும்பம் வாழ்ந்த நிலப்பகுதி, பங்கு, கவுண்டி ஆகியவற்றையும் தர வேண்டும். காப்பக எழுத்தர் ஏட்டைப் பார்த்து, கண்டதையோ காணாததையோ அந்தப் படிவத்திலேயே குறிப்பார். ஏடு சாம்பலானது, படிவங்கள் தப்பின. அவற்றையும் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. உங்கள் மாமியாரின் பாட்டி 1911இல் 71 என்று சொன்னவர் என்பதால் இந்தத் தேடல் படிவங்களில் அவசியம் பாருங்கள். எழுத்தர் எதையும் காணவில்லை என்று எழுதியிருந்தாலும், அந்தப் பாட்டியின் தாய் பெயர் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் வருவதில்லை. குடும்பம் அந்த ஆண்டுகளில் அயர்லாந்தில்தான் இருந்தது என்பது உறுதி. – வாசகி, லிமெரிக்

பதில்: குடும்பப் பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பிடியுங்கள். அயர்லாந்தில் நிலம் டவுன்லேண்ட் எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு, பலவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே இருந்தன. இணையத்தில் கவுண்டி, அதனுள் தேர்தல் பிரிவு, அதனுள் டவுன்லேண்ட் அல்லது தெரு என்று படிப்படியாக இறங்கி, அந்தப் பகுதியின் எல்லா வீடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலைதான். அக்கம்பக்கத்து வீடுகளில் பெண் எடுத்தவர்களும் சித்தப்பா பெரியப்பாக்களும் இருப்பார்கள் என்பதால், அந்த உழைப்பு ஒருபோதும் வீண்போவதில்லை.

பெயரில்தான் தேடுவேன் என்றால் எழுத்து வேறுபாடுகளுக்கு இடம் கொடுங்கள். ஓ’, மக் என்ற முன்னொட்டுகள் ஓராண்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஓ’பிரையன் பிரையன் ஆகியிருப்பார். பொருள் பெயர்ப்பும் உண்டு: கொல்லன் மகன் என்று பொருள்படும் மக் கவன், கேவன் போன்ற கவுண்டிகளில் பல வீடுகளில் ஸ்மித் ஆனது. ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியின் உற்சாகத்தில் சிலர் 1911 படிவத்தை முழுக்க ஐரிஷிலேயே நிரப்பினார்கள். அவர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் அகப்படமாட்டார்கள். பிரிட்ஜெட் என்ற பெண் பிடி, பிரைடு, டீலியா என்ற பெயர்களிலும் ஒளிந்திருப்பார். பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்துக் கணினியில் ஏற்றிய பிழைகள் இவற்றுக்கு மேல். இத்தகைய சமயங்களில் நான் செய்வது, குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, அதிகம் வழங்காத ஒரு பிள்ளையின் பெயரையும் அதன் வயதையும் கவுண்டியையும் மட்டும் கொடுத்துத் தேடுவது.

இன்னொன்று. காவலர் பாசறையிலும் மனநோய் விடுதியிலும் இருந்தவர்களைப் பெயரின் முதலெழுத்துகளால் மட்டுமே குறித்தார்கள். தாத்தா அன்றிரவு பாசறையில் இருந்த காவலர் என்றால், வயது, மதம், பிறந்த கவுண்டி மூன்றையும் கொண்டுதான் அடையாளம் காண வேண்டும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா ராணுவத்தில் இருந்தார். 1901இல் மனைவியும் பிள்ளைகளும் படிவத்தில் இருக்கிறார்கள், அவர் இல்லை. இறந்துவிட்டார் என்று கொள்ளலாமா? – வாசகர், வாட்டர்ஃபோர்டு

பதில்: கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட இரவில் அந்தக் கூரையின்கீழ் தங்கியவர்களை மட்டுமே படிவம் கேட்டது: 1901இல் மார்ச் 31, 1911இல் ஏப்ரல் 2. கடல் கடந்த படைப்பிரிவில் இருந்தவர் அதில் வரமாட்டார். மனைவிக்கு நேரே திருமண நிலை என்ற பத்தியில் ‘மணமானவர்’ என்றிருக்கிறதா, ‘கைம்பெண்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பெயர், வயது, தொழில் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். அந்தத் தாளில் வேறென்ன இருக்கிறது? – வாசகி, டப்ளின்

பதில்: இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு பக்கத்தை மூடிவிடுபவர்கள் படிவத்தின் பெரும்பகுதியைப் படிக்காமலே போகிறார்கள்.

குடும்பத் தலைவர் நிரப்புவது ‘ஏ’ படிவம். அதை வீடு வீடாகக் கொடுத்துத் திரும்ப வாங்கியவர்கள் காவலர்கள்: டப்ளினில் மாநகரக் காவல்படையினர், பிற இடங்களில் அரச அயர்லாந்துக் காவல்படையினர். படிவத்தின் அடியில் முதலில் பாருங்கள். தலைவருக்கு எழுதத் தெரியாவிட்டால், அவர் பெயரின் நடுவே ஒரு பெருக்கல் குறி இருக்கும். மேலே உள்ளதையெல்லாம் காவலர் எழுதியிருப்பார். அப்படியானால் பெயரின் எழுத்துக்கூட்டல் குடும்பத்தினுடையது அல்ல, காவலரின் காதில் விழுந்தது. கையெழுத்து மேலும் கீழும் ஒன்றாக இருந்தால் பள்ளியில் படித்த மகனோ மகளோ நிரப்பியிருக்கவும் கூடும்.

அடுத்து மொழிப் பத்தி. ஐரிஷ் மட்டும் பேசுபவருக்கு ‘ஐரிஷ்’, இரண்டும் பேசுபவருக்கு ‘ஐரிஷும் ஆங்கிலமும்’ என எழுத வேண்டும்; மற்றவர்களுக்குக் காலியாக விட வேண்டும் என்பது விதி. பாட்டிக்கு ‘ஐரிஷ்’, மகனுக்கும் மருமகளுக்கும் ‘ஐரிஷும் ஆங்கிலமும்’, பேரப்பிள்ளைகள் ஆறு பேருக்கும் வரிசையாக வெற்றிடம் – மேற்குக் கவுண்டிகளின் படிவங்களில் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு வீட்டுக்குள் மூன்று தலைமுறையில் ஒரு மொழி ஒழிந்துபோனது அந்த ஒற்றைப் பத்தியில் மேலிருந்து கீழாகத் தெரிகிறது. தாய்மொழியைப் பிள்ளைகளிடம் பேசுவதா வேண்டாமா என்று நாம் அன்றாடம் எடுக்கும் முடிவுகளை எண்ணாமல் என்னால் அதைப் படிக்க முடிவதில்லை.

1911இல் புதிதாகச் சேர்ந்த பத்திகள் மணமான பெண்களைப் பற்றியவை: திருமணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது வாழ்பவர்கள் எத்தனை. கைம்பெண்கள் இதை நிரப்பத் தேவையில்லை. இருந்தும் பலர் நிரப்பினார்கள், காவலர் அதன்மேல் கோடு கிழித்தார். கோட்டுக்கு அடியில் எண்களைப் படிக்க முடியும், விட்டுவிடாதீர்கள். பிறந்தவை 9, வாழ்பவை 5 என்றிருந்து, வீட்டில் மூன்று பேர்தான் இருந்தால், இருவரை வேறு வீடுகளிலும் கடல்கடந்தும், நால்வரை இறப்புப் பதிவுகளிலும் தேட வேண்டும் என்று அந்தத் தாயே உங்களுக்குச் சொல்லிவிடுகிறார்.

‘பி1’ படிவம் காவலர் எழுதும் வீட்டுக் கணக்கு. கல், செங்கல் சுவருக்கு 1, மண் சுவருக்கு 0. ஓடு, பலகைக்கல் கூரைக்கு 1, வைக்கோல் கூரைக்கு 0. இரண்டு முதல் நான்கு அறைகளுக்கு 2. அதனோடு முகப்பில் எத்தனை சன்னலோ அத்தனை. கல் சுவரும் வைக்கோல் கூரையும் மூன்று அறைகளும் முகப்பில் இரண்டு சன்னல்களும் கொண்ட வீட்டுக்கு 5 புள்ளி. அது மூன்றாம் வகுப்பு வீடு. வீடு நிற்கும் நிலத்தைக் கைவசம் வைத்திருந்தவரின் பெயரும் இதிலேயே இருக்கும். உங்கள் குடும்பமே அந்த நிலத்தை வைத்திருந்ததா, இன்னொருவர் வைத்திருந்த நிலத்தில் குடியிருந்ததா என்பது தெரியும். ‘பி2’ படிவத்தில் மாட்டுத் தொழுவம், பன்றிக் கொட்டில், கோழிக் கூடு, களஞ்சியம், அடுப்பெரிக்கும் சதுப்புநிலக் கரிமண் கட்டிகளை (டர்ஃப்) அடுக்கும் கொட்டகை என ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் உண்டு. நீங்கள் டப்ளினில் இருப்பதால் இதையும் சொல்கிறேன்: 1911இல் ஹென்ரியட்டா தெருவின் 15 வீடுகளில் 835 பேர் வாழ்ந்தார்கள். ஒரு காலத்தில் பிரபுக்களின் மாளிகைகளாக இருந்தவை அவை. அத்தகைய வீட்டில் உங்கள் குடும்பம் இருந்திருந்தால், எத்தனை பேர் எத்தனை அறையில் இருந்தார்கள் என்பதை ‘பி1’ சொல்லும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் பிறந்தவர்களுக்குப் பிறந்த இடமாகக் கவுண்டி அல்லது நகரத்தை மட்டுமே கேட்டார்கள்; ஊர் கிடைக்காது. அதுவும் சொன்னவரின் வாக்குதான். தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கனோலி 1868இல் பிறந்தது எடின்பரோவில். கணக்கெடுப்புத் தாளிலோ மோனகன் கவுண்டி என்றிருக்கிறது.

கேள்வி: 1901க்கு முன்னால் போக என்ன வழி? – பலர்

பதில்: ஓய்வூதியத் தேடல் படிவங்களை மேலே சொன்னேன். அடுத்தது 1847க்கும் 1864க்கும் இடையே நடந்த கிரிஃபித் நில மதிப்பீடு. நிலமோ வீடோ கைவசம் வைத்திருந்தவரின் பெயர் டவுன்லேண்ட் வாரியாக இருக்கும். அதற்கும் முன்னால் 1823 முதல் 1837 வரையிலான, தேவாலயத்துக்குச் செலுத்திய தசமபாக வரியின் ஏடுகள்; வேளாண் நிலத்துக்கு மட்டுமானவை என்பதால் நகரத்தார் இதில் வரமாட்டார்கள். இரண்டிலும் மனைவி மக்கள் பெயர் இல்லை. ஆகவே ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரைக் கண்டதும் அவர்தான் நம் முன்னோர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தந்தைக்கும் மகனுக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே பெயர் இருப்பது அங்கே சாதாரணம்.

கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்குப் பதிவேடுகளே உங்கள் உயிர்நாடி. ஏறத்தாழ 1880 வரையிலான பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகத் தருகிறது. மேற்கில் பல பங்குகளின் பதிவேடுகள் தாமதமாகவே தொடங்குகின்றன, ஈரத்தில் மங்கியும் கிடக்கின்றன. திருமுழுக்கில் ஞானப்பெற்றோராக நின்றவர்களின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் அவர்கள் உடன்பிறந்தோரும் அண்டை வீட்டாருமே. எரிந்த காப்பகத்தின் ஏடுகளுக்குப் பிற இடங்களில் இருந்த படிகளையும் குறிப்புகளையும் திரட்டி, டிரினிட்டி கல்லூரி தலைமையில் 2022 ஜூனில் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலத்திலும் உங்கள் பங்கின் பெயரை ஒருமுறை தேடுங்கள்.

கேள்வி: 1911க்குப் பிறகு? – வாசகர், ஸ்லைகோ

பதில்: விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்ததால் 1921இல் கணக்கெடுப்பு இல்லை. அதன்பின் தெற்கில் அமைந்த ஐரிஷ் சுதந்திர அரசின் முதல் கணக்கெடுப்பு 1926 ஏப்ரல் 18 இரவு எடுக்கப்பட்டது. வயதை ஆண்டும் மாதமுமாகக் கேட்டார்கள். வேலை கொடுத்தவரின் பெயரையும், குடும்பத்தின் கைவசமிருந்த வேளாண் நிலத்தின் பரப்பையும் கேட்டார்கள். தாள்களை வெளியிடாமல் வைக்கும் சட்டப்படியான நூறாண்டுக் காப்பு அதற்கு 2026 ஏப்ரல் வரைதான். இந்தக் கணக்கெடுப்பு சுதந்திர அரசின் இருபத்தாறு கவுண்டிகளுக்கு மட்டுமே உரியது. வட அயர்லாந்தின் 1926 தாள்கள் எஞ்சவில்லை. உங்கள் குடும்பம் ஸ்லைகோவிலேயே இருந்ததென்றால், 1911 படிவத்திலுள்ள தேர்தல் பிரிவையும் டவுன்லேண்டையும் குறித்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்குங்கள். 1911இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது பதினைந்து வயது.